அப்பா திருப்பி எறிந்த பந்து

விதி இதுதான். பேஸ்போல் ஆட்டத்தில் மட்டைக்காரர் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் விழுந்தால், அது பிடித்தவருக்கே சொந்தம். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள். கிரிக்கெட்டில் இதற்கு நேர்மாறு. பந்து சிக்ஸராகப் பறந்து வந்து உங்கள் மடியிலேயே விழுந்தாலும் அது உங்களுடையதாகாது. அதே பந்தால்தான் ஆட்டம் தொடர வேண்டும், ஆகவே உடனே மைதானத்துக்குள் எறிந்துவிட வேண்டும். முதலாவது விதி நடப்பிலிருக்கும் இடத்தில் ஒருவர் இரண்டாவது விதியை அமுல்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எந்தக் கையேட்டிலும் வழிகாட்டல் இல்லை. நான் பார்க்க அப்படி ஒரு தடவை நடந்தது. நடத்தியவர் என் அப்பா.

நான் ஒரு கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அள்ளப்படாத குப்பை முதல் அயல்வீட்டுச் சேவல் வரை எல்லா முறைப்பாட்டையும் அதனதன் படிகளில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். முதற்படியில் கேட்க வேண்டிய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: சம்பவம் நடந்த இடத்தில் எந்த விதி செல்லுபடியானது? அதைக் கேட்காமல், மனம் புண்பட்டதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்களிடம் எனக்குப் பொறுமை இருந்ததில்லை. இப்போது நானே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பொறுத்துக்கொள்வீர்கள். உங்களிடமும் மூடப்படாத கோப்பு ஒன்று கிடக்கும். முழங்கால், பென்ஷன், பிள்ளைகளின் வீட்டு விலை எல்லாம் பேசி முடித்த பிறகு எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அப்போது அது தெரியும்.

என் கோப்பில் ஒரே ஒரு கேள்விதான். எனக்குப் பத்து வயதாயிருந்த கோடையில், எனக்கிருந்த ஒரே சிநேகிதி ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் பக்கத்திலிருந்து ஓடிப் போனாள். பிறகு அவளை நான் காணவில்லை. ஏன் போனாள்?

அப்போது நாங்கள் ஹரோவில் ஒரு வீட்டின் மாடி அறையில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு குளிர்காலம் கழிந்திருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் தாதி. அப்பா பகலில் ஓர் அமெரிக்க விமானப்படை முகாமின் களஞ்சியத்தில் கிளாக்கர், இரவில் கணக்கியல் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர். முகாமில் போர்வைகளையும் முள்ளுக்கரண்டிகளையும் பதிவதுதான் வேலை. அம்மாவுக்குச் சனிக்கிழமை முழுநாள் ஷிப்ட், அப்பாவுக்கு அரைநாள். பிள்ளையைத் தனியே அறையில் விடக்கூடாது என்பது வீட்டுக்காரி போட்ட நிபந்தனை. என் பாதுகாப்பைவிடத் தன் தரைவிரிப்பின் பாதுகாப்பில் அவளுக்கு அக்கறை அதிகம்.

"சனிக்கிழமையில இவளை எங்கை விடுறது?" என்று அம்மா கேட்டார்.

"என்னோட கொண்டுபோறன்."

"ஆமிக் காம்புக்கோ?"

"ஆமி இல்லை, எயார்போர்ஸ்."

"உங்கை துவக்கு இருக்கோ, இல்லையோ?"

"இருக்கும்."

"அப்ப ஆமிதான்" என்று சொல்லிவிட்டு அம்மா எனக்கு மழைக்கோட்டை மாட்டினார். "இதைக் கழட்டினியோ, தெரியும்."

அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடும்நீலம். வளர்கிற பிள்ளை என்று பெரிதாக வாங்கியது. கணுக்காலைத் தொடும். நான் அதற்குள் வளர்ந்து சேர்வதற்கு முன்பே அது எங்கோ தொலைந்து போனது. இன்றும் புதிய ரப்பரின் மணம் எங்காவது வந்தால் என் கழுத்துப் பட்டி இறுகுகிறது.

முகாம் வாசலில் வெள்ளைத் தொப்பியுடன் நின்ற காவலர் அப்பாவின் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் குனிந்து பார்ப்பார். "தாங்கள், மேடம்?" என்பார். இங்கிலாந்தில் என்னிடம் அதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கேள்வி கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் நான் ஒருத்திதான் இந்த நிறம். அங்கே பிள்ளைகள் என்னைத் துன்புறுத்தவில்லை. என்னைப் பற்றிய முடிவை எடுக்காமல் ஒத்திவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். விளையாட்டு நேரத்தில் நான் சுவரில் செங்கல் வரிசைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எந்தச் செங்கலில் எந்த வெடிப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

களஞ்சியத்துக்குள் சிறுவர்கள் போகக்கூடாது. ஆகவே அப்பா என்னை மைதானத்தோரம் மரவாங்கு ஒன்றில் இருத்தினார்.

"இதிலை இரு. உவங்கள் என்னவோ பந்து விளையாடுறாங்கள், பார். நான் ஒரு மணிக்கு வாறன். ஒருத்தரோடையும் கதைக்காதை."

"ஏன் அப்பா மட்டை இவ்வளவு மெல்லிசு?"

"அவங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார் அப்பா. ஊரில் பள்ளிக்கூட அணியில் எல்லைக்கோட்டில் நின்று பந்து தடுத்தவர் அவர். கிரிக்கெட் விதிகளை மற்றவர்கள் தேவாரம் சொல்வதுபோல் மனப்பாடமாகச் சொல்வார். பேஸ்போலை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. களஞ்சியத்துக்குப் போகும் பாதையில் மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடியே நடப்பார்.

மூன்றாவது சனிக்கிழமையோ நான்காவதோ, என் வாங்கில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான். மூக்கெல்லாம் புள்ளிகள், பல்லில் கம்பி, ஒரு கையில் அவள் தலையளவு தோல் கையுறை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைச் சுட்டி, அதற்குள் என்ன என்று கேட்டாள். பெட்டியில் வரும் உலர்ந்த தேங்காய்த்தூளில் அம்மா அரைத்த சம்பல், வெள்ளைப் பாண் துண்டுகளுக்கிடையில். பட்டர் அதில் ஊறிச் சிவந்திருந்தது. பாதியைக் கொடுத்தேன். கடித்தாள். கண்ணிலிருந்து நீர் வந்தது, மூக்கிலிருந்து வந்தது, தன் போத்தல் சோடாவை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு, "இன்னொன்று இருக்கிறதா?" என்றாள்.

அப்பா யாரோடும் கதைக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விதிகளின் சொற்களுக்கு உட்பட்டு நடக்கும் பழக்கம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

அவள் தந்த சாப்பாடு கடலை வெண்ணெயும் ஜாமும். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மணிநேரம் வராது. அதை நாக்கால் சுரண்டிக்கொண்டே நான் பேஸ்போல் படித்தேன். யார் எங்கே ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், நடுவர் கையை அசைத்தால் என்ன பொருள். எல்லாவற்றையும் அவள் கத்திக்கத்திச் சொல்லுவாள். நடுவருக்குக் கண் தெரியாது என்பது அவள் கட்சி. சில கிழமைகளில் அது என் கட்சியுமாயிற்று. நாங்கள் இருவரும் வாங்கில் ஏறி நின்று நடுவரைத் திட்டினோம். வீட்டில் சத்தமாகத் தும்மவும் அனுமதியில்லாத பிள்ளை நான். அங்கே, நீல மழைக்கோட்டுடன், தொண்டை கிழியக் கத்தினேன். காற்றில் வெட்டிய புல்லின் மணமும், கொஞ்சம் தள்ளிக் கடையில் வதங்கும் வெங்காயத்தின் மணமும், அவள் கையுறையில் தடவிய எண்ணெயின் மணமும் கலந்து வரும்.

அவளுடைய அப்பா முகாமில் லாரிகள் திருத்துபவர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. நல்ல மட்டைக்காரர்தான். ஆனால் அவர் அடிக்கும் ஒவ்வொரு பந்தும் உயர உயரப் போய், வேலிக்கு ஒரு பாய் நீளம் முன்னால் சோர்ந்து விழுந்துவிடும். ஹோம் ரன் என்றால் பந்து வேலியைத் தாண்ட வேண்டும். அது அவருக்கு வாழ்க்கையில் ஒருமுறையும் வாய்க்கவில்லை என்று சிநேகிதி சொன்னாள். நோயைப் பற்றிச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். செப்டம்பரில் அவர்களுக்கு வேறு நாட்டுக்கு மாற்றம்.

கோடையின் நடுவில் முகாமில் ஒரு திறந்த நாள் வரும், அன்றைக்கு ஹோம் ரன் அடிக்கும் போட்டி நடக்கும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். வேலிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் விழும் பந்துகளைப் பிடிக்கலாம். பிடித்தால் சொந்தம்.

"அப்பாவின் பந்து வந்தால் நாம் இருவரும் சேர்ந்து பிடிப்போம்" என்றாள். "அது நம் இருவருக்கும். ஒரு கிழமை உன் வீட்டில், ஒரு கிழமை என் வீட்டில். சனிக்கிழமை மாற்றிக்கொள்வோம். நீ கொண்டு வரும்போது எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நான் கொண்டு வரும்போது உங்கள் வீட்டில் அந்த நெருப்புப் பாண்."

எங்கள் அறைக்கு அதுவரை ஒருவரும் வந்ததில்லை. நானும் ஒரு வீட்டுக்கும் அழைக்கப்பட்டதில்லை. அந்தப் பந்து வந்தால் அதோடு சேர்ந்து எனக்கு வேறு என்னென்ன வரும் என்று இரவில் கட்டிலில் கிடந்து யோசித்தேன். செப்டம்பருக்குப் பிறகு பந்து யாரிடம் இருக்கும் என்று நாங்கள் இருவரும் பேசவில்லை. ஒப்பந்தங்களில் இப்படித்தான் முக்கியமான பிரிவு விடுபட்டுப் போகும்.

போட்டி நாள் வந்தது. கொடித் தோரணம், பித்தளை வாத்தியம், வெங்காயப் புகை. போட்டியின் முறை இதுதான்: பந்து எறிபவர் மட்டைக்காரரைத் தோற்கடிக்க எறிவதில்லை, அடிக்க வசதியாக மெதுவாக எறிவார். வேலியைத் தாண்டினால் ஒரு புள்ளி. தாண்டாத அடிகள் பத்தானால் அடுத்த ஆள் வர வேண்டும். எதிரியே இல்லாத விளையாட்டு. நம் ஊரில் யாரும் இப்படியொன்றைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எதிரி இல்லாவிட்டால் நமக்குக் கை ஓடாது.

சிநேகிதியும் நானும் வேலிக்கு வெளியே, கையுறை போட்ட பெரிய பையன்களின் நடுவில் நின்றோம். ஆட்கள் வந்து அடித்தார்கள். பந்துகள் தலைக்கு மேல் போயின, பையன்கள் பாய்ந்து பிடித்தார்கள். பிறகு அவள் அப்பா வந்தார். அடித்தார். பந்து வேலிக்கு முன்னால் விழுந்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் முன்னால். சிநேகிதி தன் கையுறையின் வாரைக் கடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி, அடுத்ததற்கு அது கொஞ்சம் குறைந்து, கடைசியில் நின்றேவிட்டது. ஒரே ஒரு அடி மிச்சம்.

மட்டையின் சத்தம் மற்ற நேரமெல்லாம் பலகையைத் தட்டுவதுபோல் இருக்கும். அந்தச் சத்தம் காய்ந்த கொப்பை முறித்ததுபோல் கேட்டது. "போய்விட்டது" என்றாள் சிநேகிதி, பந்து எழும்புமுன்பே. பெரிய பையன்கள் பின்பக்கமாக ஓடினார்கள். காற்று எதிர்த்து வீசியதால் பந்து அவர்கள் எதிர்பார்த்த இடத்துக்குப் போகவில்லை. நேரே எங்களை நோக்கி இறங்கியது. அவள் கையுறையை நீட்டினாள். நான் கோட்டின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் மடியாக ஏந்தினேன். வயிற்றில் உதைத்ததுபோல் ஒன்று விழுந்தது. கோட்டுப் பை கிழிந்தது. நான் புல்லில் குந்திவிட்டேன்.

பந்து என் மடியில் கிடந்தது. வெள்ளைத் தோல், சிவப்புத் தையல், ஒரு பக்கம் புல்லின் பச்சை. நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது. சிநேகிதி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நம்முடையது! முதல் கிழமை உன்னிடம்!" என்று கத்தினாள். தூரத்தில் அவள் அப்பா தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, யாருடைய ஜன்னலையோ உடைத்துவிட்டவர்போல் எங்கள் பக்கம் பார்த்து நின்றார். எல்லோரும் எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் அப்பா வேலை முடித்து வந்தார். டை, கைப்பெட்டி, குடை. அவர் கண்ணில் பட்டதை நான் இப்போது அவர் இடத்திலிருந்து பார்க்க முயல்கிறேன். ஆட்டம் நின்றிருக்கிறது. முழு மைதானமும் தன் மகளைப் பார்த்துச் சத்தம் போடுகிறது. மகள் மடியில் பந்தை வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். பந்து எறிபவரின் காலடியில் ஒரு வாளி நிறையப் பந்துகள் இருந்தது அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்காது.

"பந்தைத் தா பிள்ளை."

"அப்பா, இது எங்கட—"

"ஆட்டம் நிக்குது. உன்னாலதான் நிக்குது. கெதியாத் தா."

"இல்லை அப்பா, இஞ்சை பிடிச்ச ஆளுக்கு—"

"சனம் பார்க்குது பிள்ளை!"

குடையைப் புல்லில் வைத்தார். ஈரம் படாமலிருக்கக் கைப்பெட்டியை அதன்மேல் வைத்தார். பந்தை எடுத்து விரல்களில் ஒருமுறை உருட்டினார். அதன் தையல் அவருக்குப் புதிது என்று முகத்தில் தெரிந்தது. இரண்டு எட்டு வைத்து எறிந்தார்.

அந்த எறிதலை நான் வர்ணித்தே ஆக வேண்டும். தோளுக்கு மேலால் டை பின்னுக்குப் பறந்தது. பந்து தாழ்வாக, நேராக, வேலிக்கு மேலாலும் புல்வெளிக்கு மேலாலும் போய், ஒரே ஒரு தடவை நிலத்தில் பட்டு எழும்பி, பந்து எறிபவரின் கைக்குள் விழுந்தது. லண்டனில் அப்பா செய்த வேறெதுவும் அவ்வளவு நேராகப் போய்ச் சேர்ந்ததை நான் காணவில்லை. எறிந்துவிட்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பவர்போல் கையை உயர்த்திக் காட்டினார்.

கைதட்டல் நின்றது. யாரோ ஒருவர் "பூஊ" என்று ஏளனமாகக் கத்தினார். வாங்குகளிலிருந்து இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். உயர்த்திய கையை அப்பா எப்படி இறக்குவது என்று தெரியாமல் நின்றார். சிநேகிதி வாயைத் திறந்தபடி அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஓடினாள். கூட்டத்துக்குள் அவள் தலை கொஞ்சத் தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

"வா போவம்" என்றார் அப்பா.

பஸ்ஸில் மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தது. வழக்கமாக அதற்காக நான் சந்தோஷப்படுவேன்.

"அது பிடிச்ச ஆளுக்குத்தானாம் அப்பா."

"ஆர் சொன்னது?"

"அவள்."

"எங்கை அவள்?"

கொஞ்சத் தூரம் போன பிறகு அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் பந்தை மரியாதையாத் திருப்பிக் குடுத்தன். அதுக்குக் கத்துறாங்கள் எண்டால், அது பந்துக்கில்லை பிள்ளை. எங்களுக்கு. உன்ர சிநேகிதியும் அதுதான். அவங்கள் அப்பிடித்தான். இனி அங்கை வேண்டாம்."

அந்த வருடம் அறை தேடி அலைந்தபோது எத்தனை கதவுகள் அவர் முகத்தைக் கண்டதும் சாத்தப்பட்டன என்பதை நான் பெரியவளான பிறகுதான் அறிந்தேன். அதை அறிந்தவர் அப்படித் தீர்ப்பெழுதியதில் வியப்பில்லை. இரவு அம்மா கேட்டது ஒன்றுதான்: "கோட்டுப் பை எப்பிடிக் கிழிஞ்சது?" நீல நூல் இருக்கவில்லை. வெள்ளை நூலால் தைத்தார்.

மிச்சச் சனிக்கிழமைகளில் என்னை நூல்நிலையத்தில் விட்டார்கள். அங்கே வாய் திறக்கக்கூடாது. நன்றாகப் படித்தேன். நடுவரைத் திட்டியவள் கடைசியில் நடுவர் வேலைக்கே போய்ச் சேர்ந்தேன்.

அப்பா அந்தக் கதையை விடவில்லை. இல்ஃபோர்டில் யாருடைய கல்யாண வீட்டிலோ, பிறந்தநாளிலோ, வெள்ளைக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால் அது சாட்சியாக வந்து நிற்கும். அவர் சொல்லும் வடிவத்தில் எறிதல் இராது. பந்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்ததாகச் சொல்வார். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வராதபோது, "பந்தை நினைச்சுப் பார் பிள்ளை" என்றார். நினைத்துப் பார்த்தேன். யாரும் என் பக்கத்திலிருந்து எழுந்து போகுமுன் நான் முதலில் எழுந்துவிடுவது என்று ஒரு நடைமுறையை ஏற்படுத்திக்கொண்டேன். அது மிகச் சிறப்பாக வேலை செய்தது. ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டிய பிறகு, என்னோடு ரயில் நிலையம்வரை நடந்து வர ஒருவரும் இல்லை. அப்பா காலமாகி, கணவரும் காலமாகி, மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருகிறான்.

போன கோடையில் தெற்கு லண்டனில் ஒரு பூங்காவில் ஹோம் ரன் அடிக்கும் போட்டி நடத்தினார்கள். விளம்பரத்தைக் கண்டு, முதியோர் சலுகையில் ஒரு சீட்டு எடுத்து, மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறி, பிறகு இரண்டு தடவை மாறிப் போனேன். ஒரு சீட்டு போதுமா என்று இணையத்தளம் கேட்டது. போதும் என்று அழுத்தினேன். இப்போது போட்டிக்குப் பத்து அடிக் கணக்கில்லை. கடிகாரம் வைத்து அடிக்கிறார்கள். இடி மாதிரி இசை, புகை, மிருக வேடத்தில் ஒருவர். வெங்காயம் மட்டும் மாறவில்லை.

பக்கத்தில் அணித் தொப்பியோடு ஒரு தமிழ்ப் பெண். செவன் கிங்ஸில் இருப்பவள், கணக்காளர். வேலைத்தலத்தில் யாரோ கொடுத்த சீட்டில் ஒருமுறை வந்து, அன்றிலிருந்து இந்த விளையாட்டில் பைத்தியமாம். "அன்ரி, நீங்களும் ஃபேனோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதை ஒருவரிடம் சொல்லி எத்தனை காலம்.

எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் பந்து ஒன்றைப் பிடித்தார். பிடித்தவர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க அதை மைதானத்துக்குள் திருப்பி எறிந்தார். கூட்டம் அலறியது.

"என்ன செய்யிறார் அவர்?"

"அடிச்சவன் மற்ற டீம், அன்ரி. 'உன்ர பந்து எனக்குத் தேவையில்லை, நீயே வைச்சிரு' எண்டுதான் திருப்பி எறியிறது. முகத்தில துப்புற மாதிரி."

"ஒரு ஆள் மரியாதைக்குத் திருப்பி எறிஞ்சால்?"

"மரியாதைக்கோ?" அவள் சிரித்தாள். "ஆர் அன்ரி அப்பிடிச் செய்வினம்?"

"விளையாட்டுத் தெரியாத ஆக்கள்."

"அப்ப அவையின்ர பாடு சரி. சனம் கிழிச்சுப்போடும்."

நான் அதற்குப் பிறகு போட்டியைப் பார்க்கவில்லை. யார் வென்றது என்பதும் தெரியாது. திரும்பி வரும்போது ரயிலில் என் கோப்பை முதலிலிருந்து திறந்தேன். அப்பாவின் தீர்ப்பு பிழை. கத்தியது எங்கள் நிறத்துக்காக இருக்க வேண்டியதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வேலியைத் தாண்டிய பந்தை, அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மகள் பார்த்துக்கொண்டிருக்க, முகத்தில் துப்புவதுபோல் திருப்பி எறிந்திருக்கிறோம். ஒரு நாட்டின் நல்ல பழக்கம் இன்னொரு நாட்டின் வசையாகிவிட்டது. அவள் அவமானம் தாங்காமல் ஓடினாள். அத்தனை வருடமும் அவளை அப்பாவின் சாட்சிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தோம். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் கைப்பையில் தொலைபேசியைத் தேடினேன். அவர் இல்லை என்பது அடுத்த ஸ்டேஷனில்தான் நினைவுக்கு வந்தது.

அந்த முகாமில் சிறுவயதைக் கழித்தவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. நடத்துபவர் ஒரு மூதாட்டி. அவருக்கு எழுதினேன்: மூக்கில் புள்ளிகள், பல்லில் கம்பி, லாரி திருத்தும் தகப்பன், இன்ன கோடை. அத்தோடு சிநேகிதிக்கு ஒரு விளக்கம் எழுதி, அடியில் என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு, சேர்த்துவிடும்படி கேட்டேன். பழக்கதோஷத்தில் பந்திகளுக்கு இலக்கமிட்டேன். கிரிக்கெட்டில் பந்தைத் திருப்பிக் கொடுப்பது ஏன் என்று ஒரு முழுப் பந்தி. எங்களுக்கு அவமதிக்கும் நோக்கம் இருக்கவில்லை என்று ஒரு பந்தி. கடைசிப் பந்தியில், "நீ அதற்காகத்தான் போனாய் என்றால், தயவுசெய்து இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்" என்று எழுதினேன்.

அனுப்பிவைக்கிறேன், ஆனால் உத்தரவாதம் இல்லை என்று மூதாட்டி பதில் போட்டார். பதிலுக்கான கால எல்லை எதுவும் அறிவிக்கப்படவில்லை. காத்திருப்பவர்களுக்கு நான் எத்தனையோ தடவை எழுதிய வசனம் ஒன்று உண்டு: தங்கள் விடயம் கவனத்தில் உள்ளது. அதன் மறுபக்கத்தில் இருப்பது எப்படி என்று இப்போது தெரிந்தது. இலைகள் விழுந்தன. கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் பல் வைத்தியசாலையோ, கூரை திருத்தும் கம்பனியோதான் வந்தது. அவள் உயிரோடு இல்லாமலிருக்கலாம். உயிரோடிருந்து, கோபம் ஆறாமலிருக்கலாம். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பயந்தேன்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு ஏற்றிய சிட்டி விளக்குகளை வாசற்படியிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்த காலையில் தொலைபேசி முனகியது. குரல் செய்தி. எண்ணெய்க் கையோடு அழுத்தினேன். கிழக் குரல், கொஞ்சம் இருமல், பின்னால் ஒரு நாய்.

"மழைக்கோட்டுக்காரி! கடிதத்தில் இருக்கும் உன் பெயர் என் வாயில் நுழையவில்லை, மன்னித்துக்கொள். எங்கள் அப்பா உன்னை அப்படித்தான் சொல்லுவார். நீ எழுதிய கிரிக்கெட் பாடம் முழுவதையும் வாசித்தேன். பாதி விளங்கவில்லை." ஒரு சிரிப்பு, அதற்குள் இருமல். "அவமானமா? அப்பா வீட்டுக்கு வந்து அன்று முழுக்க உன் அப்பாவின் கையைப் பற்றித்தான் பேசினார். அப்படி எறிகிறவரைக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்களே என்றார். நான் கோபித்துப் போனேன் என்று உனக்கு யார் சொன்னது? எல்லோரும் உன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார்கள். நீ அழப் போகிறாய் என்று தெரிந்தது. எங்கள் அம்மா வெங்காயக் கடையில் நின்றார். அவருடைய குரலுக்கு முழு முகாமும் அடங்கும். கத்துகிறவர்களை அடக்க அம்மாவைக் கூட்டிவரத்தான் ஓடினேன். அம்மா கரண்டியோடு வந்தார். வந்து பார்த்தால் நீங்கள் இல்லை."

நாய் குரைத்தது. அவள் அதை அதட்டினாள். அதோடு செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அடுத்த சனிக்கிழமை அந்த வாங்கில் இருந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். நாங்கள் போகும்வரை இருந்தேன். நீ ஏன் வரவில்லை?"

முறைப்பாடு பெறப்பட்டது: கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள் காலை.